சென்னியப்பன் எம்.

அக்டோபர் 9, புதன்

காலையில் தூறல், ஒன்பது மணிக்கு வெயில். குடோனில் பழைய விதை மூட்டைகளை ஈரம் படாத பக்கமாக மாற்றினோம். இந்த டைரியில் நான் எழுதுவது எப்போதும் இவ்வளவுதான், மழையும் ஈரப்பதமும். உரக் கம்பெனிக்காரர்கள் வருசா வருசம் கொடுக்கிற டைரி. வீணாகப் போகக்கூடாது.

இன்று இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. பண்டாரம் வந்து திதி பார்த்துச் சொல்லிவிட்டார். நவம்பர் 3, ஞாயிறு. மேகலை போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. எங்களுக்கு ஒரே பெண். புனேயில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். போன தீபாவளி முடிந்த இரண்டாம் நாள், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். வயது முப்பத்தாறு.

பண்டாரம் போன பிறகு என் வீட்டுக்காரி பாவாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, அவ பதினோரு வருசம் என்னத்தையோ எழுதிட்டே இருந்தா. என்ன எழுதினான்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. அதைக் கொண்டாந்து படத்துக்கு முன்னால வெச்சாப் போதும். பலகாரமெல்லாம் வேண்டாம்."

சரி என்றேன். கண்வலிக் கிழங்கு, புத்தகத்தில் செங்காந்தள் என்பார்கள், அதன் விதையை முப்பத்தெட்டு வருசமாக மூலனூரில் வாங்கி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறவன் நான். ஆரம்பத்தில் சைக்கிளில் சாக்கு கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனவன். ஒரு சாமான் வேண்டும் என்றால் அது எங்கே இருந்தாலும் என் கைக்கு வரும். இருபத்தைந்து நாள் போதாதா.

அக்டோபர் 10, வியாழன்

புனேக்குப் போன் செய்தேன். அவளோடு வேலை பார்த்த ஒரு பெண் எடுத்தது. கையில் எடுத்துக் கொடுக்கிற மாதிரி எதுவும் இல்லை, எல்லாம் இணையத்தில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று இங்கிலீசில் சொன்னது. யார் பேசுகிறீர்கள் என்று கேட்டது. அப்பா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் சரியில்லை போல.

மேகலை என்று போனில் அடித்துப் பார்த்தேன். ஒட்டியாணம் வந்தது. ஒரு கல்யாண மண்டபம் வந்தது. அப்புறம் ஒரு சேலைக் கடை, ஆடித் தள்ளுபடி இன்னும் நடக்கிறதாம்.

அக்டோபர் 14, திங்கள்

தாராபுரத்தில் ஒரு கல்லூரி நூலகம். நூலகர் பேர் பொற்கொடி. ஐம்பது வயதிருக்கும். அவர் அப்பா எனக்கு விதை விற்ற விவசாயி, அந்தப் பழக்கத்தில் போனேன்.

"வாங்கண்ணா. விதைக்காரர் புத்தகம் தேடி வந்திருக்கறீங்க, மழை வந்துரும்" என்றார்.

விசயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். உயிரியல், மருத்துவம், வேளாண்மை பற்றி உலகத்தில் எவர் எதை எழுதினாலும் பதிந்து வைக்கிற அட்டவணைகள் இருக்கின்றனவாம். கட்டுரை அதில் இருக்காது. கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பேர், பத்து வரியில் சுருக்கம், எந்தப் பத்திரிகையில் கிடைக்கும் என்கிற குறிப்பு, இவைதான் இருக்கும். எனக்கு உடனே புரிந்தது. சரக்கு குடோனில் கிடக்கும், எந்த அடுக்கில் எந்த லாட் என்கிற நோட்டு என் மேசையில் இருக்கும். இவர்கள் வைத்திருப்பது அந்த நோட்டு.

"அதேதானுங்கண்ணா. ஆனா நோட்டுல எந்தப் பேர்ல ஏத்தினாங்களோ அந்தப் பேர்ல கேட்டாத்தான் குடுக்கும். மனுசன் மாதிரி யூகம் பண்ணாது."

மேகலை எஸ். என்று போட்டார். எஸ். மேகலை என்று போட்டார். எழுத்தை மாற்றி மாற்றி ஏழெட்டு விதமாகப் போட்டார். மூன்று அட்டவணையிலும் ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பல் டாக்டர் வந்தார், அவ்வளவுதான்.

"பொண்ணு ஆராய்ச்சிதானே பண்ணுச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்படித்தான் சொன்னாள் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்கே ஒரு நினைப்பு. எழுதினேன் எழுதினேன் என்று அம்மாவிடம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தாளோ. வியாபாரி புத்தி. சரக்கைக் கண்ணால் பார்க்காமல் நம்பாது.

அக்டோபர் 15, செவ்வாய்

"கிடைச்சுதுங்களா?" என்றாள் பாவாத்தாள். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

மறுபடி தாராபுரம். பேரை விட்டுவிட்டுப் பயிரை வைத்துத் தேடலாம் என்றார் பொற்கொடி.

"கண்வலிக் கிழங்குன்னு போட்டா அதுக்குத் தெரியாதுங்க. லத்தீன்ல ஒரு பேரு இருக்கும், பாக்கோணும்."

"குளோரியோசா சூப்பர்பா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். இருபது வருசமாக என் சாக்கில் அச்சடித்து ஏற்றுமதிக்குப் போகிற பேர், எனக்குத் தெரியாதா.

ஆயிரத்துக்கு மேல் வந்தது. இது சந்தையில் போய் சாக்கு என்று கேட்ட மாதிரி, இன்னொரு வார்த்தை சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார். மேகலை எதைப் பற்றிப் படித்தாள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இந்தப் பூ தானாகக் காய் பிடிப்பது குறைந்துபோய், பெண்கள் காலையில் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். பாவாத்தாளும் ஆரம்ப காலத்தில் அந்தக் கூலி வேலைக்குப் போனவள்தான். மேகலை நாலு வயதில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இந்த வேலையை முன்னால் யார் செய்தார்கள் என்று கேட்டாள். வண்ணத்துப்பூச்சி என்றாள் இவள். அது ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போனாள் என்று நினைக்கிறேன்.

பொற்கொடி மகரந்தச் சேர்க்கைக்கான வார்த்தையைச் சேர்த்தார். ஆயிரம் அறுபத்தொன்றாகக் குறைந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு பேர் இருந்தது. சென்னியப்பன் எம்.

சென்னியப்பன் என் பேர். எனக்கு எரிச்சலாக வந்தது. எவனோ என் பேரைக்கொண்ட ஒருவன் நம் ஊர்ப் பூவைப் பற்றி எழுதிப் பெரிய ஆளாகியிருக்கிறான், என் பெண் பேரைக் காணோம்.

"யாரு அம்மிணி இந்த ஆளு?"

பொற்கொடி திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது ஆளு இல்லீங்கண்ணா. இதுதான் உங்க பொண்ணு."

அவர் சொன்னது இது. வெளிநாட்டுக்காரர்களுக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று உண்டு, அட்டவணையில் அதுதான் முன்னால் வரும். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தக் கட்டத்தில் அப்பா பேரைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் உலகத்துக்கு அதுதான் பேர். சொந்தப் பேர் ஓர் எழுத்தாகச் சுருங்கி பின்னால் நிற்கும். அந்த எம்.தான் மேகலை.

பாஸ்போர்ட் பாரம் நிரப்பின அன்றைக்கு நான் கூட இருந்தேன். குடும்பப் பேர் என்ன போடுவது என்று ஏஜென்ட் கேட்டான். என் பேரைப் போடுடா, வேற யார் பேரைப் போடுவாய் என்றேன். மேகலை சிரித்தாள்.

மொத்தம் ஏழு கட்டுரை. 2014 முதல் 2021 வரை. ஏழிலும் என் பேர். முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்த நூலகத்தில் காற்றே இல்லை.

"இருபத்தொண்ணுக்கு அப்புறம் ஒண்ணும் காணலீங்களே. வேலையை விட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். அந்த வருசம் ஆகஸ்டில் எனக்கும் அவளுக்கும் போனில் ஒரு பேச்சு நடந்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 21, திங்கள்

நல்ல பூ. அரிக்காரன்வலசுப் பக்கம் எல்லாத் தோட்டமும் சிவப்பாக நிற்கிறது. காலையிலேயே பூச்சி மருந்து அடித்தார்கள். நம் மருந்துக் கடையில் வாங்கியதுதான்.

அக்டோபர் 23, புதன்

பொற்கொடி ஏழு கட்டுரையின் தலைப்பையும் தமிழில் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டவணை இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு கட்டுரையை அதற்குப் பின்னால் யார் யார் எடுத்துப் பேசினார்கள் என்றும் சொல்கிறது. அந்தப் பேர்களையும் எழுதியிருந்தார், அம்மா படிப்பார்கள் என்று.

பாவாத்தாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தாள்.

"லியூ. இது சீனாக்காரனுங்களா? ஒலிவேரா. நாயர். அப்புறம்…" விரல் நின்றது. "பாவாத்தாள் எம்."

"எங்கே?"

"இங்க பாருங்க. மூணு இடத்துல இருக்குது. ஏனுங்க, இந்தப் பேரு நம்ம பக்கத்தை விட்டா எங்கயும் கிடையாதே. ரேசன் கார்டுலயே ஒழுங்கா எழுத மாட்டாங்க, வெளிநாட்டுப் பேப்பர்ல எவ இருக்கா இந்தப் பேர்ல?"

பொற்கொடிக்குப் போன் போட்டேன். பத்து நிமிசத்தில் பார்த்துச் சொன்னார். 2022இல் ஒன்று, 2023இல் இரண்டு. அதே புனே நிலையம். அதே பூ. அட்டவணை அவர்களை இரண்டு ஆளாக வைத்திருக்கிறது. சென்னியப்பன் எம். 2021இல் நின்றுபோகிறார். அடுத்த வருசம் பாவாத்தாள் எம். ஆரம்பிக்கிறார்.

"நம்ம புள்ளைதானுங்களா?" என்றாள்.

"ஆமா."

"உங்க பேரை விட்டுப்போட்டு எம் பேரை எதுக்கு வெச்சா?"

"அம்மா மேல ஆசையா இருந்திருக்கும்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஒரு வருசமாகிறது. நான் என்ன செய்வது.

அக்டோபர் 24, வியாழன்

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சரசுவிடம் போய்க் காட்டியிருக்கிறாள். மாவு மில்லில் காட்டியிருக்கிறாள். "பாவாத்தான்னு கூப்பிட்டா எனக்கே கூச்சமா இருக்கும். அவ அதைக் கொண்டுபோய் சீனா வரைக்கும் வெச்சிருக்கறா" என்று சொல்லிக்கொண்டிருந்தது குடோன் வரை கேட்டது.

விதையில் ஈரப்பதம் பன்னிரண்டு சதம்.

அக்டோபர் 26, சனி

அந்த ஆகஸ்ட் பேச்சை எழுதிவிடுகிறேன். உள்ளூர்ப் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. மூலனூர் விதை வியாபாரி சென்னியப்பன் மகள் ஆய்வு, பூக்கிற நேரத்தில் அடிக்கும் மருந்தால் வண்ணத்துப்பூச்சி வருவதில்லை, காய் பிடிப்பதில்லை என்று. அந்த மருந்தைப் பாதித் தோட்டத்துக்குக் கொடுப்பது நான். அன்றைக்குச் சந்தையில் ஒருவன், "ஏனுங்க, அப்பன் விக்கறதை மகள் கெடுதல்னு எழுதுது, ஊட்டுலயே ஒத்துப் போகாதுங்களா" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான்.

போன் போட்டேன். மருந்தடிக்காமல் பயிர் எப்படி வரும், நீயே சொல்லு என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவள் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசுவாள். அந்த நேரம் எனக்குக் குடோனில் ஏதாவது வேலை இருக்கும். இரண்டு வருசம் மூன்று மாதம்.

அக்டோபர் 29, செவ்வாய்

சுருக்கம் மட்டும் போதாது, முழுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டிருந்தேன். சிலது பூட்டி வைத்திருப்பார்களாம், எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் அனுப்புவார்களாம். பொற்கொடி என்னைக் கேட்காமலே பழக்கத்தில் போட்டுவிட்டார். இந்த முகவரி இப்போது இல்லை என்று திரும்பி வந்தது. "மன்னிச்சுக்குங்கண்ணா, கை பாட்டுக்குப் போட்டிருச்சு" என்றார். அப்புறம் வேறு வழியில் எடுத்துவிட்டார்.

கடைசி மூன்றையும் அவர் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். அந்த மூன்றில் முதல் கட்டுரையின் முதல் வரி: இந்தப் பகுதியில் பயிர் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் நியாயமான ஒரு கேள்வி கேட்கிறார்கள், மருந்தில்லாமல் பயிர் எப்படி வரும்.

திரும்பப் படிக்கச் சொன்னேன். நியாயமான என்ற வார்த்தை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

மூன்று பருவம் பார்த்திருக்கிறாள். வண்ணத்துப்பூச்சி காலையிலிருந்து மதியம் வரைதான் பூவுக்கு வருகிறது. மருந்தை விட வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடித்தால் பூச்சியும் கட்டுப்படுகிறது, மறுநாள் காலை வண்ணத்துப்பூச்சியும் வருகிறது, காயும் கூடுகிறது. இவ்வளவுதான். நேரத்தை மாற்றினால் போதும். என் கடையையும் மூட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து பாவாத்தாளிடம் இந்த நேரக் கணக்கை மட்டும் சொன்னேன்.

நான் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாள். உலகத்தில் எவன் தேடினாலும் கிடைக்கிற இடத்தில் வைத்திருக்கிறாள். சீனாக்காரன் எடுத்துப் படித்திருக்கிறான். நான் குடோனில் இருந்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எங்கள் வீட்டில் எண்ணெய் வைக்கவில்லை.

நவம்பர் 2, சனி

பாவாத்தாளையும் கூட்டிக்கொண்டு தாராபுரம் போனேன். அவளே வருகிறேன் என்றாள். இரண்டு பேரையும் ஒரே ஆளாகச் சேர்த்துவிடச் சொல்லி அட்டவணைக்காரர்களுக்கு எழுதலாம், இறந்தவராக இருந்தால் குடும்பத்தார் கேட்கலாம் என்று பொற்கொடி சொல்லியிருந்தார். இப்படியே விட்டால் ஏழு ஓரிடத்திலும் மூன்று ஓரிடத்திலும் என்றைக்கும் பிரிந்தே கிடக்கும்.

அவர் லீவு நாளில் எங்களுக்காகத் திறந்து வைத்திருந்தார். இறப்புச் சான்றிதழ், பத்துக் கட்டுரையின் விவரம், எங்கள் ஆதார் எல்லாம் ஏற்றினார். பாவாத்தாள் புதுச் சேலை கட்டியிருந்தாள். கடைசியில் ஒரு கட்டம்.

"பேரு மாறினதுக்குக் காரணம் கேக்குதுங்க. கல்யாணம், விவாகரத்து, மதம் மாறினதுன்னு வழக்கமாப் போடுவாங்க. இதுக்கு என்னங்க போடறது?"

"அம்மா மேல பிரியம்னு போடுங்க அம்மிணி" என்றாள் பாவாத்தாள். கொஞ்சம் வெட்கத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பொற்கொடி அடிக்க ஆரம்பித்தார். நாலைந்து எழுத்து விழுந்திருக்கும்.

"அது இல்லை அம்மிணி" என்றேன்.

கை நின்றது.

"இனிமேல் எங்கேயும் என் பேரைப் போடக்கூடாதுன்னு அவ அப்பா சொன்னார். அதனால. அப்படிப் போடுங்க."

பேப்பரில் போடாதே என்றுதான் நான் சொன்னேன். இல்லை. நான் சொன்னது எங்கேயும் என்றுதான். "எங்க எழுதினாலும் எம் பேரு இருக்கக்கூடாது, அதுக்கு உனக்கு அருகதை இல்லை" என்று சொன்னேன். அவள், "சரிங்கப்பா" என்றாள். சொன்னபடி செய்தாள். சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான், ஒரு வேலை சொன்னால் பாக்கி வைக்க மாட்டாள்.

இதையும் அங்கேயே சொன்னேன். பொற்கொடி திரையை விட்டுத் திரும்பவில்லை. பாவாத்தாள் மடியில் இருந்த அந்தத் தாளை மடித்தாள். அதற்கு மேல் மடியாத வரைக்கும் மடித்துக்கொண்டே போனாள்.

பொற்கொடிதான் கேட்டார், சேர்த்த பிறகு எந்தப் பேர் மேலே இருக்க வேண்டும், ஒன்றுதான் வைக்க முடியும் என்று.

"இவளோட பேரு" என்று பாவாத்தாளைக் காட்டினேன்.

"வேண்டாமுங்க." அவள் என்னைப் பார்க்கவில்லை. பொற்கொடியிடம்தான் சொன்னாள். "எம் பேரு அவ ஆசைப்பட்டு வெச்சதில்லைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. போக்கிடம் இல்லாம வெச்சிருக்கறா. அவ அப்பன் பேரு அவளுது. இவரு புடுங்கிட்டாரு. திருப்பிக் குடுக்கட்டும். அதையே மேல வையுங்க."

கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

திதி. பத்துக் கட்டுரையையும் அச்செடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தோம். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே எடைக்கல் வைக்கப் போனேன். பாவாத்தாள் அதை எடுத்துவிட்டு ஒரு கண்வலிக் கிழங்கை வைத்தாள்.

என்னிடம் பேசவில்லை.

நவம்பர் 7, வியாழன்

சோறு போடுகிறாள். வெந்நீர் வைக்கிறாள். பேச்சு இல்லை. கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

நவம்பர் 11, திங்கள்

மதியம் பொற்கொடி போன் செய்தார். பதில் வந்துவிட்டது, பாருங்கள் என்றார். எப்படிப் பார்ப்பது என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தார். என் பேரை நானே அடித்தேன். சென்னியப்பன் எம். பத்து. 2014 முதல் 2023 வரை, நடுவில் விட்டுப்போகாமல். கீழே சின்ன எழுத்தில், வேறு பேர்: பாவாத்தாள் எம்.

போனைக் கொண்டுபோய் அடுப்படியில் அவள் பக்கத்தில் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். எண்ணிப் பார்த்தாள். பத்தும் சரியாக இருந்தது.

அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணே முக்கால் ஆச்சு" என்றாள். ஒன்பது நாளில் என்னிடம் பேசின முதல் வார்த்தை. "வலசுக்காரங்களுக்குப் போன் பண்ணுங்க. காத்தால அடிக்கறதை நிறுத்திப்போட்டு நாலு மணிக்கு மேல அடிக்கச் சொல்லுங்க."

வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முத்துக்கவுண்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சந்தையில் அன்றைக்கு நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டவர் அவர்தான்.

"இத்தனை வருசமாக் காத்தாலதானுங்க அடிக்கறோம். புதுசா யாருங்க இதைச் சொன்னது?"

"மேகலை சென்னியப்பன்" என்றேன். "எம் பொண்ணு."